வாசகர் கேள்வி – பதில்: கொர்டோஃபான் மொழிகள் ஒரே குடும்பமா?

கேள்வி: கல்லூரிக் கருத்தரங்குக்காக ஆப்பிரிக்க மொழிக்குடும்பப் படம் வரைகிறேன். பழைய நூலில் கொர்டோஃபான் மொழிகளுக்கு ஐந்து கிளைகள். புதிய நூலில் நான்குதான், அவையும் ஒரே குடும்பமா என்ற ஐயத்தோடு. எதைப் போடுவது?
– முதுகலை மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஐந்து கிளை என்பது 1963-இல் அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் வகுத்தது: கோவாலிப், தெகாலி, தலோடி, தும்தும், கத்லா. எல்லாமே சூடானின் கொர்டோஃபான் வட்டாரத்தில், நூபா மலைகளில் பேசப்படுபவை. கோவாலிபை இப்போது ஹெய்பான் என்றும், தெகாலியை ரஷாத் என்றும் எழுதுகிறார்கள். வேறு கிளை என்று நினைத்து ஒன்றையே இரண்டு முறை வரைந்துவிடாதீர்கள், பலரும் சறுக்கும் இடம் இது.

தும்தும் கிளையை (இன்றைய பெயர் கடு) 1981-இல் மொழியியலாளர் ஷாடெபர்க் வெளியே எடுத்தார். ஹெய்பான், தலோடி மொழிகளில் பெயர்ச்சொல்லின் முன்னொட்டு ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு வேறு; பெயரடையும் வினையும் அதற்கு இசைந்து மாறும். நைஜர்-காங்கோ என்ற பெரிய ஆப்பிரிக்க மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பாண்டு மொழிகளிலும் இதே ஏற்பாடு என்பதால், இவ்விரு கிளைகளும் அக்குடும்பமே என்பதற்கு இந்தச் சான்று வலுவானது. கடுவைச் சேர்ந்த குரோங்கோவில் இருப்பதோ ஆண், பெண், பொது என்ற மூன்று பால். அடிப்படைச் சொற்களும் ஒத்துவரவில்லை. கடுவை நைலோ-சகாரன் என்ற மற்றொரு ஆப்பிரிக்க மொழிக்குடும்பத்தில் சேர்ப்போர் உண்டு, தனிக்குடும்பம் என்போரும் உண்டு.

மிஞ்சிய நான்கிலும் சிக்கல் தீரவில்லை. ரஷாத் கிளையில் தகோய்க்கு முன்னொட்டு வகுப்புகள் உண்டு, அதன் நெருங்கிய உறவான தெகாலிக்கு இல்லை. தெகாலி இழந்ததா, தகோய் அண்டை மொழியிடம் வாங்கியதா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. பக்கத்தில் வாழ்வதாலேயே மொழிகள் உறவாகிவிடா. புதுச்சேரித் தமிழில் எத்தனை பிரெஞ்சுச் சொல் புழங்கினாலும் தமிழ் பிரெஞ்சுக்கு உறவில்லையே! அரபுக் கடன்சொற்களை முதலில் கழித்துவிட்டு, உடலுறுப்பு, எண், நீர், நெருப்பு போன்ற சொற்களில் ஒலிகள் ஒழுங்காக ஒத்து வருகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் படத்தில் ஹெய்பானையும் தலோடியையும் அருகருகே வரையுங்கள். லஃபோஃபா (முன்பு தலோடியில் சேர்க்கப்பட்டது), ரஷாத், கத்லா-திமா (பழைய கத்லா கிளை) மூன்றையும் தனித்தனியே நைஜர்-காங்கோவோடு புள்ளிக்கோட்டால் இணையுங்கள். கடுவுக்குத் தனிக் கட்டம். ‘கொர்டோஃபான்’ என்பதை வட்டாரப் பெயராக மட்டும் ஓரத்தில் எழுதினால் போதும்.

கேள்வி: நூபா மக்கள் எல்லோரும் இம்மொழிகளைத்தான் பேசுகிறார்களா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை. மோரோ, ஒத்தோரோ, திரா மக்களின் மொழிகள் ஹெய்பான் கிளை. தில்லிங் மக்கள் பேசுவது நைல் கரை நூபியத்துக்கு உறவான மொழி. நியிமாங், தெமைன், தாஜு மொழிகளும் வேறு கூட்டத்தவை. இத்தனை பேருக்கும் இடையில் பொதுமொழி அரபு.