காங்கேயம் பக்கத் தோட்டத்து வீட்டில் மனைவி தனியாகத் தவிக்கிறார்: பதில்

வணக்கம்ங்க. புனேயில் வளர்ந்த மனைவி, காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு. அக்கம்பக்கத்தார் சொல்லாமல் வந்து நின்றால் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார், அம்மா வருத்தப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

முதல் வேலை உங்களுடையதுங்க. "சாப்டாச்சுங்களா, எங்க போயிட்டு வர்றீங்க" என்று கேட்பது நம் பக்கத்து மரியாதை. சிரித்துக்கொண்டு ஒரு வரி சொன்னால் போதும், விவரம் தேவையில்லை. இதை அவரிடம் யாராவது சொன்னார்களா? அதேபோல, மதியம் கொஞ்ச நேரம் அவருக்குத் தனிமை வேண்டும் என்று அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு மாதிரி போய்ச் சேரும்.

அப்புறம், நம் தோட்டத்து வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. புனேயில் படியிறங்கினால் கடை, ஆள் நடமாட்டம். இங்கே கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் நிலத்துக் கிளுவை முள்வேலியைத் தாண்டினால் இன்னொரு காடுதான். நீங்கள் வண்டியை எடுத்துப் போய்விட்டால் அவர் எங்கே போவார்? ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்து, வாரச் சந்தைக்கு அவரையே போய்வரச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

சாப்பாடு பெரிய சிக்கல் இல்லை. அரிசிம்பருப்பு சோறு அவர்கள் ஊர்க் கிச்சடிக்கு ரொம்பத் தூரமில்லை. சோள மாவில் அவர்கள் ஊர் ரொட்டியான பாக்கரியை அவர் தட்டட்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இன்னொன்று. மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிவிட்டால், அதாவது திருவிழாவைத் தொடங்கிவைக்கும் சடங்கு முடிந்துவிட்டால், பல ஊர்களில் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பார்கள். புனேவுக்கு டிக்கெட் போடும் முன் அந்தத் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.