பாதி விலைக்கும் கீழே பென்ஸ் கிடைக்கிறதே, வாங்கலாமா?

வாகனம்: கேள்வி – பதில்

கேள்வி: 2011 மாடல் மெர்சிடிஸ் ஜிஎல் 350 சிடிஐ ஒன்று 9 லட்ச ரூபாய்க்கு வருகிறது. இன்ஜினுக்கு அடியில் லேசான எண்ணெய்க் கசிவு. "பின்பக்க ஆயில் சீல்தான், ஐயாயிரத்தில் முடிந்துவிடும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: நம்ப வேண்டாம். இந்த வண்டியில் இருப்பது ஓஎம்642 என்ற மூன்று லிட்டர் வி6 டீசல் இன்ஜின். இதன் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் அடியில் இருக்கிறது. அதன் சீல்கள் வருடக்கணக்கான சூட்டில் இறுகிப்போனதும் எண்ணெய் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். கீழிருந்து பார்த்தால் விற்பவர் சொல்லும் பின்பக்க ஆயில் சீல் (கிராங்க் சீல்) கசிவது போலவே தெரியும். கியர்பாக்ஸை இறக்கி சீலை மாற்றிய பிறகும் சொட்டு நிற்காமல் பலர் திண்டாடுவது இதனால்தான். மேலிருந்து டர்போவுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தில் எண்ணெய் நின்றால் கூலர் சீல்தான்.

சீல்களின் விலை சில ஆயிரம்தான். ஆனால் அவற்றைத் தொடுவதற்கு டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் கழற்ற வேண்டும். கை பழகிய மெக்கானிக்குக்கே ஒன்றரை, இரண்டு நாள் வேலை. பென்ஸ் பார்க்கும் வெளி ஒர்க்‌ஷாப்பில் தோராயமாக 50,000 முதல் 80,000 ரூபாய் வரை ஆகும். பழைய ஆரஞ்சு நிற சீலையே திரும்பப் போடவிடாதீர்கள். பின்னாளில் வந்த ஊதா நிற விட்டான் (ஒரு வகை ரப்பர்) சீல் சூடு தாங்கும்.

அவ்வளவு தூரம் பிரித்த பிறகு, டர்போவுக்குக் காற்று போகும் வளைவுக் குழாயின் சீலையும் மேனிஃபோல்டு கேஸ்கெட்களையும் மாற்றாமல் மூடக் கூடாது. அந்தக் குழாய் சீல் விட்டுப்போனால், கிராங்க்கேஸ் ஆவியோடு வரும் எண்ணெய் நேராகக் கீழேயிருக்கும் ஸ்வர்ல் மோட்டார் (இன்ஜினுக்குள் போகும் காற்றைச் சுழற்றிவிடும் மடல்களை இயக்குவது) மேல் சொட்டும். மோட்டார் ஷார்ட் ஆகி வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது சக்தியைக் குறைத்து ஓடும் பாதுகாப்பு நிலைக்குப் போகும். சீலை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால் புது மோட்டாரும் அதே வழியில்தான் கெடும்.

இந்தக் கசிவுக்காக மட்டும் ஒரு லட்சம் குறைத்துக் கேளுங்கள். முதல் வருடச் செலவுக்குத் தனியாக மூன்று லட்சம் கையில் இல்லையென்றால் இந்த வண்டி வேண்டாம். வண்டியின் விலை 9 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. பாகங்களின் விலை இன்னும் அரைக் கோடி ரூபாய் வண்டிக்கான விலையாகவே இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஜிஎல் காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை மட்டும் படுத்துக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடுகிறது. கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இந்த வண்டி ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகளில் (ஏர் சஸ்பென்ஷன்) நிற்கிறது. எழுந்துவிடுகிறது என்றால் அவற்றுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசர் இன்னும் வேலை செய்கிறது. காற்று எங்கோ போகிறது, அதை முதலில் பிடியுங்கள். இரவு வண்டியை நிறுத்தியதும் நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். காலையில் கதவைத் திறக்காமல் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கினால் பெரும்பாலும் அந்த ஸ்ட்ரட்டின் (சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் தூண்) ரப்பர் பை, அல்லது அதற்குப் போகும் குழாயின் இணைப்பு. பல மூலைகள் சேர்ந்து இறங்கினால் காற்றை ஒவ்வொரு மூலைக்கும் பிரித்தனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகிக்க வேண்டும். வண்டியை உயர்த்தி, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, பையின் மடிப்புகளிலும் மேல் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும்.

கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரசரை மாற்றுவது பணத்தைக் கரைக்கும் வேலை. கசிவை ஈடுகட்ட அது ஓடிக்கொண்டே இருந்து சூடேறி, புதியதும் சில மாதங்களில் தேயும். ஒரு கம்பெனி ஸ்ட்ரட்டின் விலை லட்சத்தைத் தாண்டும். நல்ல வெளிச்சந்தை ஸ்ட்ரட் அதில் பாதிக்கு வரும். பிற்பாடு கம்ப்ரசரையும் மாற்ற நேர்ந்தால் அதன் ரிலேவையும் (அதற்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) சேர்த்தே மாற்றுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துவிடும்.

கேள்வி: 2015 பிஎம்டபிள்யூ எக்ஸ்5. 30, 40 கி.மீ. வேகத்தில் மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் உதறுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?
– வாசகர், ஓசூர்

பதில்: கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் டயர்களைப் பாருங்கள். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்தது என்று இருந்தால் இரண்டின் சுற்றளவும் வேறுபடும். முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலுள்ள கிளட்ச் அந்த வித்தியாசத்தை ஓயாமல் ஈடுகட்டித் தேயும், எண்ணெயும் கெடும். உதறல் அங்கிருந்து வருகிறதா என்று அறிய, டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரின் இணைப்பைத் தற்காலிகமாகக் கழற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம். உதறல் நின்றால் குற்றவாளி அதுதான். டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. மாற்றியதும் ஸ்கேனரில் அடாப்டேஷனை (தேய்மானத்துக்கேற்ப கணினி பதிந்து வைத்த அளவுகளை) ரீசெட் செய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு "எண்ணெய் மாற்றியும் பலனில்லை" என்கிறார்கள். பிறகு நான்கு டயரும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், பிஎம்டபிள்யூ ஒப்புதலைக் காட்டும் நட்சத்திரக் குறியிட்டதாக இருக்கட்டும்.

எட்டு கியர் பெட்டியின் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். அதைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடியிலுள்ள பிளாஸ்டிக் எண்ணெய்த் தட்டோடு சேர்ந்தே வரும், தட்டையே மாற்ற வேண்டும்.

கேள்வி: சென்னைக்குள் தினமும் 12 கி.மீ. மட்டுமே ஓட்டுவேன். பிஎஸ்6 டீசல் சொகுசு எஸ்யூவி சரிவருமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: சரிவராது, பெட்ரோல் பாருங்கள். டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடும், தடையில்லாமல் கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டமும் வேண்டும். பாதியில் வண்டியை நிறுத்திக்கொண்டே இருந்தால், எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசல் இன்ஜின் எண்ணெயில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் ஏறினால் அதுவே அடையாளம்.

கேள்வி: டெல்லியில் மட்டும் பழைய டீசல் சொகுசு வண்டிகள் ஏன் இவ்வளவு மலிவு?
– வாசகர், மதுரை

பதில்: பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கே தடை விதித்தது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனால்தான் அந்த வண்டிகள் மலிவு விலையில் தெற்கே வந்து இறங்கின. விலையைப் பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். படிவம் 28இல் என்ஓசி (தடையில்லாச் சான்று), கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35, நிலுவை அபராதம் இல்லை என்ற உறுதி ஆகியவை கைக்கு வந்த பிறகே பணம். தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதை முதலிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.