அப்பாவின் கையெழுத்தை மகன் போட்டால்?

கேள்வி: 2025 ஜனவரியில் என் தந்தை பக்கவாதத்தால் படுத்த படுக்கையானார். நினைவு தெளிவாக இருந்தது. பேச்சும் வலது கையும் செயலிழந்திருந்தன. மருத்துவமனையில் உடனே பணம் கட்டச் சொன்னார்கள். வங்கியில் அவர் பெயரில் இருந்த 6 லட்சம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட்டை முன்கூட்டியே முடிக்கும் விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்தை நானே போட்டுப் பணத்தைப் பெற்றேன். 5,20,000 ரூபாய் சிகிச்சைக்குச் செலவானது. மீதி 80,000 ரூபாயை என் மகளின் கல்லூரிக் கட்டணமாகக் கட்டினேன். அப்பா இப்போது நடமாடுகிறார், பேசுகிறார். ஆனால் என் தம்பி போலீசில் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறான். அப்பாவின் உயிரைக் காப்பாற்றியது குற்றமா? பழைய தேதியிட்டு அவரிடம் ஓர் அனுமதிக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வாங்கவே கூடாது. நீதிமன்றத்தில் காட்டுவதற்கென்று பொய்யான விவரத்துடன் ஆவணம் உருவாக்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 228, 229 பிரிவுகளின்படி தனிக் குற்றம். அதில் கையெழுத்திடும் உங்கள் தந்தையும் குற்றவாளி ஆவார். அவரைக் காப்பாற்றத்தான் எல்லாம் செய்தீர்கள் என்றால், அவரை இதற்குள் இழுக்காதீர்கள்.

இனி முதல் கேள்வி. விளைவு நல்லதாக அமைந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டம் எந்தச் செயலையும் மன்னிப்பதில்லை. கையெழுத்திட்ட நேரத்தில் உங்கள் மனத்தில் இருந்த எண்ணம் என்ன, வேறு வழி இருந்ததா, யாருக்கேனும் நட்டம் நேர்ந்ததா என்பவற்றையே அது பார்க்கும். பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்துடன் சிறிய தீங்கு செய்தவருக்கு அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. தீ பரவாமல் தடுக்கப் பக்கத்து வீடுகளை இடிப்பவரை அந்தப் பிரிவே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆனால் உங்களுக்கு அது கைகொடுக்குமா என்பது எனக்கு ஐயமே. கையெழுத்திட முடியாத நோயாளியின் கைவிரல் அல்லது கால்விரல் ரேகையை, ஒரு வங்கி அதிகாரி உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெற்றுக்கொண்டு பணம் தர ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடமளிக்கிறது. தந்தைக்கு நினைவு இருந்தது. மேலாளரை மருத்துவமனைக்கு அழைத்திருந்தால் அன்றே முடிந்திருக்கக்கூடிய வேலை அது. பதற்றத்தில் இருக்கும் மகனுக்கு இதெல்லாம் தோன்றாது என்பதை நான் உணர்கிறேன், ஆனாலும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான்.

உங்களுக்கு உண்மையாக உதவக்கூடியது டாக்டர் விமலா எதிர் டெல்லி நிர்வாகம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இல் அளித்த தீர்ப்பு. டாக்டர் விமலா தம் சொந்தப் பணத்தில் கைக்குழந்தையான மகளின் பெயரில் கார் வாங்கி, காப்பீட்டு இழப்பீட்டுப் படிவங்களிலும் ரசீதுகளிலும் மகளின் பெயரிலேயே கையெழுத்திட்டார். ஏமாற்று இருந்தபோதிலும், அதனால் அவருக்கு ஆதாயமோ காப்பீட்டு நிறுவனத்துக்கு இழப்போ இல்லை என்பதால் போலி ஆவணக் குற்றச்சாட்டிலிருந்து அவரை நீதிமன்றம் விடுவித்தது. அவர் நல்ல தாய் என்பதற்காக விடுவிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலும், அங்கே பணம் அவருடையது. இங்கே பணம் உங்கள் தந்தையுடையது, அவருடைய ஆணை இல்லாமல் அதைக் கொடுத்த வங்கியும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறது.

ஆகவே 5,20,000 ரூபாயும் 80,000 ரூபாயும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. முதல் தொகையை, ரசீதுகள் இருந்தால், உறுதியாக வாதாடலாம். இரண்டாவது தொகையில் உங்களுக்கு ஆதாயம் இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய செயல் அந்த இடத்தில் எல்லை தாண்டிவிட்டது என்றே நான் கருதுகிறேன். பணம் பெற அதிகாரம் தரும் ஆவணத்தைப் போலியாகச் செய்தல் என்று 338-ஆம் பிரிவைப் போலீசார் சேர்த்தால், ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமுள்ள குற்றச்சாட்டாகிவிடும் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வாரமே தந்தையிடம் நடந்ததை முழுவதும் சொல்லுங்கள். இதுவரை சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. 80,000 ரூபாயை அவருடைய கணக்குக்கு வங்கி வழியாகவே திருப்பிச் செலுத்துங்கள். அதனால் குற்றம் அழியாது என்றாலும், உங்கள் நேர்மைக்கு அது சான்றாகும். மருத்துவ ரசீதுகளின் நகலைத் தம்பியிடம் கொடுங்கள், ஏனெனில் அவருக்கும் அது அப்பாவின் பணம். தந்தை விரும்பினால், தமக்கு இழப்பில்லை என்பதை இன்றைய தேதியிட்டு, உண்மையாக எழுதித் தரலாம். வழக்குப் பதிவானால் முன்ஜாமீன் கோருங்கள். போலி ஆவணக் குற்றத்தில் கீழமை நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ள முடியாது. ஆனால் தந்தையின் வாக்குமூலத்தோடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின் கீழ், வழக்கை ரத்து செய்யக் கோரி மனு தாக்கல் செய்யலாம்.