கடைக்காரர் சொன்னதை ஏஐ நினைவு வைத்திருக்குமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, கிளிநொச்சியில் வீட்டில் இருந்தபடியே லோக்கல் எஸ்இஓ வேலை செய்கிறேன். கூகிள் மப்பில் கடைகளின் விபரங்களைச் சரிபார்ப்பது, படம் போடுவது, விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவது, மாதக் கடைசியில் ரிப்போர்ட் கொடுப்பது, இவ்வளவும்தான். வவுனியாவிலிருந்து பரந்தன் வரை 11 கடைக்காரர்கள் என் வாடிக்கையாளர்களாக இருக்கிறார்கள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது வட்ஸ்அப்பில் பாதி, கொப்பியில் பாதி. மருந்துக்கடை அண்ணா நம்பரை மாற்றச் சொன்னதை மறந்துபோனேன், சனம் பழைய நம்பருக்கே எடுத்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு எல்லாவற்றையும் ஒரு ஏஐ உதவியாளரிடம் சொல்லி வைத்தேன். போன கிழமை "விடுதிக்காரருக்கு என்ன செய்து தருவதாகச் சொன்னேன்?" என்று கேட்டால், நான் சொல்லவே இல்லாத ஒன்றைச் சொல்கிறது. இதை நம்பி வேலை செய்யலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: செய்யலாம் தங்கச்சி. ஆனால் நினைவு வைத்திருக்கும் பொறுப்பை அதனிடம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதி வைத்ததை வாசித்து, விடுபட்டதை எடுத்துச் சொல்லும் வேலையைக் கொடுங்கள். அதில் அது கெட்டிக்காரப் பிள்ளை.

ஒரு ஏஐ உதவியாளரால் ஓரளவு நீளம் வரைக்கும்தான் உரையாடலை ஒரேயடியாகப் பார்க்க முடியும். கதை நீண்டுபோனால் முன்னால் சொன்னது அதற்கு எட்டாமல் போய்விடும். பழைய உரையாடலை நினைவில் வைக்கும் மெமரி வசதி இருந்தாலும் அதில் தங்குவது பெரும்பாலும் சுருக்கமான குறிப்புகள்தான், திகதிவாரியான பதிவு கிடையாது. கையில் இல்லாததைக் கேட்டால், "தெரியாது" என்று நிற்க வேண்டிய இடத்தில், பொருத்தமாகப் படும் ஒரு வசனத்தை எழுதிவிடும். விடுதி என்றால் அறைப் படங்கள், விலைப்பட்டியல் என்று வழக்கமாக வருவதை வைத்து உங்களுக்கும் ஒரு பதில் சொல்லியிருக்கும்.

அதனால் முதல் வேலை ஒரு கூகிள் ஷீட். கடைகளில் கடன் கொப்பி வைத்திருப்பார்களே, அதுபோலத்தான் இதுவும்: நடந்த உடனே எழுத வேண்டும், பிந்தி எழுதினால் சண்டை வரும். திகதி, கடை, யார் சொன்னது, என்ன கேட்டார், நான் என்ன ஒப்புக்கொண்டேன், எப்போதைக்கு, முடிந்ததா என்று ஏழு நிரல்கள் போதும். அதில் "நான் என்ன ஒப்புக்கொண்டேன்" என்ற நிரலைத்தான் கண்ணும் கருத்துமாக நிரப்ப வேண்டும். மருந்துக்கடைக்கு இப்படி ஒரு வரி இருந்திருக்கலாம்: "மார்ச் 4, மருந்துக்கடை, முதலாளி போனில், 021 நம்பரை எடுத்துவிட்டுக் கைத்தொலைபேசி நம்பரைப் போடச் சொன்னார், மப்பிலும் பேஸ்புக்கிலும் மாற்றுவதாகச் சொன்னேன், மார்ச் 6, இன்னும் இல்லை."

ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்ய நேரம் இல்லைதான். ஒருவருடன் கதைத்து முடித்ததும், போனில் உங்கள் குரலிலேயே நடந்ததைச் சொல்லி, ஏஐயிடம் கொடுத்து அந்த ஏழு நிரலுக்கும் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: "நான் சொன்னதை மட்டும் எழுது. சொல்லாத நிரலை வெறுமையாக விடு." வந்த வரியை ஷீட்டில் போடும் முன் ஊர்ப்பெயரையும் இலக்கங்களையும் உங்கள் கண்ணால் பாருங்கள். கனகராயன்குளம், முறிகண்டி, கரடிப்போக்கு போன்ற பெயர்களைக் குரலிலிருந்து எழுதும்போது அது அடிக்கடி சிதைக்கும். போன் நம்பரில் ஒரு இலக்கம் மாறினாலும் பழைய கதைதான்.

பிறகு திங்கட்கிழமை காலையில் முழு ஷீட்டையும் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: "தவணை தாண்டியும் முடியாதவை எவை? மூன்று கிழமையாக நான் கதைக்காத கடைகள் எவை? ஒவ்வொரு பதிலுக்கும் எந்த வரி என்று இலக்கம் போடு. ஷீட்டில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லு." வரி இலக்கம் கேட்பதை விட்டுவிடாதீர்கள். இலக்கம் இருந்தால் நீங்களே போய்ப் பார்த்து உறுதிப்படுத்தலாம், கற்பனை உடனே பிடிபடும்.

மாத ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நிரல் வேண்டும், பருவம். இதை மட்டும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள், வன்னியில் இது இல்லாமல் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது. உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை ஒன்று உங்களிடம் இருந்தால், காலபோக விதைப்பு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் அழைப்புகள் குவியும். அறுவடை முடிந்த பிறகு விழுந்துவிடும். ஏஐ அந்த இறக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "விளம்பரம் குறைந்துவிட்டது, புதிய பதிவுகள் போட வேண்டும்" என்று எழுதும். வயல் காய்ந்து கிடக்கும்போது எத்தனை பதிவு போட்டாலும் யாரும் உதிரிப்பாகம் தேடப்போவதில்லை. ஏ9 வீதியோர உணவகங்களுக்கு நல்லூர்த் திருவிழாக் காலமும் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவும் பாடசாலை விடுமுறையும்தான் கணக்கு. ஆகவே போன மாதத்தோடு ஒப்பிட வேண்டாம், போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். முதலாளிக்குக் காட்ட வேண்டியதும் கூகிளே தரும் அழைப்புகள், வழி கேட்டவர்கள், இணையத்தளத்துக்குப் போனவர்கள் என்ற எண்கள்தான். அரைப் பக்கத்தில், அவர் கடையில் பேசும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

"கூகிளில் என் கடை எத்தனையாவது?" என்று முதலாளிமார் கேட்பார்கள். இதை ஏஐயிடம் கேட்கவே கேட்காதீர்கள். கூகிள் உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றையும் வைத்துத்தான் கடைகளை வரிசைப்படுத்துகிறது. முறிகண்டியில் நின்று தேடுபவருக்கும் பரந்தன் சந்தியில் நின்று தேடுபவருக்கும் வேறு வேறு வரிசை வரும். ஒரே எண் என்று ஒன்று இல்லாதபோது ஏஐ எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

அது தரும் யோசனைகளிலும் இரண்டை உடனே தள்ளிவிடுங்கள். கடைப் பெயரோடு "கிளிநொச்சியில் சிறந்த" என்று ஒட்டச் சொன்னால் ஒட்டாதீர்கள். பெயர்ப்பலகையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்பது கூகிள் விதி, மீறினால் மப்பில் உள்ள கடையின் பதிவையே முடக்கலாம். விமர்சனம் எழுதினால் விலைக்கழிவு தருகிறோம் என்பதும் தடை. மற்றபடி, யாழ்ப்பாணம் போகும் வழியில் சாப்பிட்டுவிட்டுச் சிங்களத்தில் விமர்சனம் எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுத ஏஐ பெரிய உதவி. ஆனால் சிங்களம் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

இன்னொரு விடயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பல கடைகளின் கூகிள் பதிவு கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகனின் ஈமெயிலில் திறக்கப்பட்டிருக்கும். அந்த மகனே கடவுச்சொல்லை மறந்திருப்பார். சிலர் கடவுச்சொல்லையே வட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்புவார்கள். அதை ஷீட்டிலும் எழுத வேண்டாம், ஏஐயிடமும் கொடுக்க வேண்டாம். வாங்கவே வேண்டாம். உரிமை கடைக்காரர் பெயரில் இருக்கட்டும், அந்தக் கூகிள் பதிவில் உங்களை மேலாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். விமர்சனம் எழுதியவர்களின் போன் நம்பர், மருந்துக்கடைக்கு வரும் நோயாளிகளின் விபரம் எதுவும் ஏஐக்குப் போகக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் என்ன மருந்து எடுக்கிறார் என்பது அவருடைய சொந்த விடயம்.

இந்தக் கிழமை பதினொரு கடைக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள்: பதிவு யாருடைய ஈமெயிலில் இருக்கிறது, நீங்கள் மேலாளரா, இல்லையா. தெரியாத கடைகளுக்கு முதலில் போன் எடுங்கள், ஏனென்றால் வெளிநாட்டில் இருப்பவர் பதில் போடவே நாட்கள் ஆகும். புதிதாகச் சேர்க்கப்பட்டவரால் முதல் 7 நாட்களுக்குச் சில மாற்றங்களைச் செய்யவும் முடியாது.