ஹம்முஸ் வழவழவென்று வர: கேள்வி பதில்

கே: ஹம்முஸ், அதாவது கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைக்கும் அரபு விழுது, எட்டுப் பேர் தொட்டுச் சாப்பிட எவ்வளவு கடலை போட வேண்டும்?

ப: வெள்ளைக் கொண்டைக்கடலை 250 கிராம். வெந்தால் அரை கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதற்கு எள் விழுது (தஹினி) 150 கிராம், எலுமிச்சைச் சாறு 4 மேசைக்கரண்டி, பூண்டு 2 பல், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 100 மில்லி.

கே: எவ்வளவு அரைத்தாலும் நறநறவென்றே இருக்கிறது. தோலை ஒவ்வொன்றாக உரிக்கணுமா அக்கா?

ப: வேண்டவே வேண்டாம். மிக்ஸியைக் குறை சொல்லாதீர்கள், கடலை வேகவில்லை. சுண்டல் பதம் இதற்குப் போதாது, குழைய வேண்டும். 10 மணி நேரம் ஊறியதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போடுங்கள். தோலைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டினை அது கரைக்கும். அளவு மிஞ்சினால் சோப்பு வாடை வரும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை பொங்கி ஆவி போகும் வழியை அடைக்கும், கவனம். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 25 நிமிடம். இரண்டு விரலால் லேசாக அழுத்தினாலே மசிய வேண்டும். மிதக்கும் தோலை அள்ளி எறிந்துவிடலாம்.

கே: எங்களுக்கு போர் தண்ணீர். எட்டு விசில் விட்டும் வேகவில்லை.

ப: உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பெக்டினை இறுக்கிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் கேன் தண்ணீர் எடுங்கள். அப்படியும் வேகாவிட்டால் கடலை பழசு. வேறு வாங்குவதுதான் வழி.

கே: தஹினி இங்கே கிடைப்பதில்லை. வீட்டில் அரைக்கலாமா?

ப: தாராளமாக. தோல் நீக்கிய வெள்ளை எள்ளை மிதமான தீயில் வறுத்து, மணம் வந்ததும் இறக்குங்கள். எள்ளுருண்டைக்குப் போலச் சிவக்க விட்டால் கசக்கும். ஆறியபின் சட்னி ஜாரில், மணமில்லாத எண்ணெய் 2 மேசைக்கரண்டி விட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். கருப்பட்டி சேர்த்து ஆட்டிய செக்கு நல்லெண்ணெய் இதற்குச் சேராது.

கே: எலுமிச்சைச் சாறு விட்டதும் எள் விழுது திரண்டு கெட்டியாகிவிட்டது. வீணா?

ப: இல்லை, எறிந்துவிடாதீர்கள். கொஞ்சமாக நீர் பட்டால் எள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் வெளுத்து இளகும். கடலையை அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும், வெதுவெதுப்பாக இருக்கும்போதே. நான்கு நிமிடம் அரையுங்கள்.

பூண்டை நசுக்கி, உப்போடு எலுமிச்சைச் சாற்றில் 10 நிமிடம் ஊறவிட்டு, சாற்றை மட்டும் வடித்துச் சேர்த்தால் காட்டம் அடங்கும். காட்டத்தை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு தடுத்துவிடுகிறது.

கே: ஆலிவ் எண்ணெய் எப்போது?

ப: பரிமாறும்போது, மேலே. எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயை மிக்ஸியில் அடித்தால் கசப்பு ஏறும்.

கே: ராஜ்மாவில் செய்யலாமா?

ப: சுவையான விழுது வரும், ஆனால் அது ஹம்முஸ் ஆகாது. அரபியில் ஹும்முஸ் என்றாலே கொண்டைக்கடலைதான். ராஜ்மாவைக் குக்கரில் நன்றாக வேகவையுங்கள். கொதிக்காத இளஞ்சூட்டில் வெந்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அழியாமல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

கே: முந்தின நாளே செய்து வைக்கலாமா?

ப: வைக்கலாம். ஃபிரிட்ஜில் 3 நாள் தாங்கும். இறுகியிருந்தால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். பாதியை மட்டும் தட்டில் வைத்து, தீரத் தீர மீதியை எடுங்கள். எல்லோரும் கை வைத்ததைத் திரும்ப டப்பாவில் போட வேண்டாம், 2 மணி நேரம் வெளியே இருந்ததையும்தான்.