வாய்ப்பாடு வரிசையாக வருகிறது, நடுவில் கேட்டால் வரவில்லை

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் ஏழெட்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். இன்னும் நிறைய மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அவளுக்கு வாய்ப்பாடு பாட்டாகத்தான் பதிந்திருக்கிறது. பாட்டின் ஏழாவது வரியை மட்டும் கேட்டால் நாமும் முதலிலிருந்து பாடித்தானே பிடிப்போம்? தெரிந்த விடையை வைத்துத் தெரியாததைக் கண்டுபிடிக்க அவளைப் பழக்குங்கள்.

ஒரு தாளில் வரிசைக்கு எட்டாக ஏழு வரிசை புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஒரு கோடு. மேலே ஐயெட்டு நாற்பது, கீழே ஈரெட்டு பதினாறு. கூட்டினால் 56. ஏழேழு 49 நினைவிருக்கும் பிள்ளை அதோடு இன்னொரு 7 சேர்த்தும் 56க்கு வரும். அவள் எந்த வழியில் போனாலும் விட்டுவிடுங்கள்.

நாலால் பெருக்க, இரட்டிப்பை இன்னொரு முறை இரட்டித்தால் போதும். ஒன்பதுக்குப் பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழிக்க வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். 9×7க்கு 70 வரை சரியாக வந்துவிட்டு, 9ஐக் கழித்து 61 என்பார்கள். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். வரிசைக்கு ஏழாகப் பத்து வரிசை வரைந்து, கடைசி வரிசையைக் கையால் மறைத்து, "எத்தனை புள்ளி போச்சு?" என்று கேளுங்கள். ஏழு என்று அவளே சொல்வாள், 63 தானாக வரும்.

மலைப்பாக இருக்கிறதா? பத்து வரை மொத்தம் 100 பெருக்கல். 3×8ம் 8×3ம் ஒன்றுதான் என்று புரிந்தால் 55. அதில் 1, 2, 5, 10 வருவதெல்லாம் சுலபம், அவை போக 21. மூன்று, நாலு, ஒன்பதுக்கும் வழி பிடிபட்டால் மிச்சம் ஆறே ஆறு: 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. என் அனுபவத்தில், நேரம் செலவிட வேண்டியது இவற்றில்தான்.

ஒரு நாளைக்கு நாலைந்து கேள்வி போதும். சரியாகச் சொன்னாலும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். கடிகாரத்தைத் தயவுசெய்து இப்போது எடுக்காதீர்கள். அவசரப்படுத்தினால் யோசிப்பதை விட்டுவிட்டுப் பழையபடி பாட ஆரம்பித்துவிடுவாள். தாளும் கோடும் இல்லாமல் விடை வரத் தொடங்கட்டும், அப்புறம் வேகம் பார்க்கலாம்.