"வீட்டில் வளர்ந்த ஆமை" என்று விற்பவர் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: நட்சத்திர ஆமை விற்கும் ஒருவர், "காட்டுல புடிச்சதில்ல, வீட்டுல வளர்ந்தது" என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அவர் சொல்வது முழுப் பொய்யாகக்கூட இருக்காது. பாதி உண்மையாக இருக்கும், அதுதான் சிக்கல்.

"வளர்ந்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கே பொரிந்தது என்பதற்கு அதில் பதிலே இல்லை. பத்து வருடங்களுக்கு முன் எங்கள் சித்தப்பா இப்படித்தான் இரண்டு ஆமைகள் வாங்கினார். "ரெண்டு வருஷமா நம்ம மாடியிலதான் சார் கெடக்கு, கீரையைக் கையில குடுத்தாலே திங்கும்" என்றார் விற்றவர். தின்றது நிஜம்தான். சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதோட தாய் ஆமை எங்கப்பா?" கோழிக்குஞ்சுகூடத் தாயைப் பார்த்து வாங்கும் குடும்பம் அவருடையது. ஆள் உடனே பேச்சை மாற்றிவிட்டார். சித்தப்பாவோ பணத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

வெளிநாட்டு விளம்பரங்களில் இதை "லாங் டெர்ம் கேப்டிவ்" என்பார்கள். காட்டில் பிடித்தது, இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான் பொருள். அந்த "லாங்" ஆறு மாதமா ஆறு வருடமா என்பது விற்பவர் மனசைப் பொறுத்தது. "கேப்டிவ் ஹேட்ச்ட்" இன்னும் நைசான சொல்: குஞ்சு கூண்டில் பொரிந்திருக்கும், தாய் வயிற்றில் முட்டையோடு காட்டில் பிடிபட்டதாக இருக்கலாம். காட்டுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் காட்டில் பிடித்ததற்கு டபிள்யூ, கூண்டில் பிறந்ததற்கு எஃப், பெற்றோரும் கூண்டிலேயே இணைந்து பிறந்ததற்கு சி என்று தனித்தனிக் குறியீடு இருப்பது இதனால்தான்.

"ஓடு எவ்வளவு வழவழன்னு இருக்கு பாருங்க" என்பதும் வழக்கமான வசனம். கூண்டில் ஈரப்பதமும் சரியான தீனியும் இல்லாமல் வளரும் ஆமைக்குத்தான் ஓடு வழக்கத்தைவிட அதிகமாகக் கோபுரம் கோபுரமாகப் புடைக்கும். தேய்ந்து, கீறல் விழுந்து, வழவழப்பாக இருக்கும் பெரிய ஆமை பெரும்பாலும் புதரில் வளர்ந்தது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்படலாம்.

எப்படியிருந்தாலும் சட்டத்திடம் இந்தச் சொல் விளையாட்டு செல்லாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிடித்தது, வைத்திருப்பது, கூண்டில் இனப்பெருக்கம் செய்தது மூன்றையும் ஒரே வரியில் "சிறைப்பட்ட விலங்கு" என்று சேர்த்துவிட்டது. 2022 திருத்தத்தில் நட்சத்திர ஆமை அதிகபட்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்குப் போய்விட்டது: குறைந்தது 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

சித்தப்பாவின் ஆமைகளில் ஒன்று நான்காவது மாதம் செத்தது, வயிறெல்லாம் புழு. மற்றதை வனத்துறையிடம் ஒப்படைத்தோம். விற்றவர் இப்போது "வீட்டில் வளர்ந்தது" என்று சொல்வதில்லையாம். "ரெஸ்க்யூ பண்ணினது சார், பராமரிப்புச் செலவு மட்டும் குடுங்க" என்கிறாராம்.